தேடினால் கிடைக்கும் நூலகம்: பல்கலைக்கழகத்துக்கான இணையவழி நூலக முகாமைத்துவ முறைமை

குளம் நிறைந்திருந்தால் மட்டும் வயல் விளையாது என்பது வன்னியில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தில் சேர்கிறது. அங்கே தேங்கும் நீர் வாய்க்கால் வழியே வந்து வயலில் பாய்ந்தால்தான் நெல் விளையும். நூலகமும் அப்படியே. இறாக்கை நிறைய நூல்கள் இருப்பது ஒரு பாதி. தேவையான நூல் தேவையானவரின் கைக்குச் சென்று சேர்வது மறுபாதி. இந்த மறுபாதிக்காகவே நூலக முகாமைத்துவ முறைமை என ஒன்று வேண்டியிருக்கிறது.

ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவள் ஊர் கனகராயன்குளம். ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழை விசேட பாடமாகப் பயில்கிறாள். விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் அவள், இலங்கையின் முதல் தமிழ் நாவலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத விரும்புகிறாள். 1885 இல் வெளிவந்த அந்த நாவலை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி முகம்மது காசிம் சித்தி லெப்பை. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வி வேண்டும் என்று உழைத்தவரும் அவரே. மாணவி தன் கையடக்கத் தொலைபேசியில் பல்கலைக்கழக நூலகத்தின் பக்கத்தைத் திறந்து 'சித்தி லெப்பை' என்று தேடுகிறாள். 'பதிவுகள் எவையும் இல்லை' என்று விடை வருகிறது. அவள் தலைப்பை மாற்றிக் கொள்கிறாள்.

நூலோ இறாக்கையில் இருக்கிறது. பட்டியலில் அது 'சித்திலெவ்வை' என்ற பெயரில் பதியப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. கணினி பழுதாகவில்லை, இணையமும் அறுந்துபோகவில்லை. ஆயினும் ஒரு மாணவி ஒரு நூலை இழந்தாள், நூலும் ஒரு வாசகியை இழந்தது.

இப்படி நேராத ஒரு முறைமையை எவ்வாறு விருத்தி செய்வது? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவிகள் 'முறைமை விருத்தி வாழ்க்கை வட்டம்' என்ற பாடத்தில் படிக்கும் படிமுறைகளை இங்கே ஒரு நூலகத்தில் பொருத்திப் பார்ப்போம்.

தேவையை அறிதல்

முதற்படி தேவைப் பகுப்பாய்வு. கணினியைத் தொடுமுன் நூலகத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். ஒரு நூல் வாங்கப்படும் நாளில் அது வரவுப் பதிவேட்டில் ஏறுகிறது. பின்னர் பகுப்பாக்க இலக்கம் பெறுகிறது. அதன்பின் இறாக்கைக்குப் போகிறது, இரவல் வழங்கப்படுகிறது, திரும்பி வருகிறது, சில வேளை திரும்பாமலும் போகிறது. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் யார் என்ன எழுதுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு பார்த்தால் நான்கு வகைப் பயனர்கள் தெரிய வருவர். வாசகர் தேடுவார், நூலை ஒதுக்கி வைக்கக் கேட்பார், தன் கணக்கைப் பார்ப்பார். நூலக உதவியாளர் நூல்களை வழங்கி மீளப் பெறுவார். நூலகர் புதிய நூல்களைப் பட்டியலாக்குவார், அறிக்கைகள் எடுப்பார். முறைமை நிர்வாகி பயனர்களுக்கு அனுமதி வழங்குவார், காப்புப் பிரதி எடுப்பார். இவை செயல்சார் தேவைகள். பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும், தமிழில் தேட முடிய வேண்டும், வாசகரின் விபரங்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பன செயல்சாராத் தேவைகள். செயல்சாராத் தேவைகளைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும் முறைமைகளே பெரும்பாலும் பயனர்களால் கைவிடப்படுகின்றன.

'இணையவழி' என்ற சொல்லுக்கு இங்கே ஒரு தனிப் பெறுமதி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. தெற்கே வவுனியா வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகி, பம்பைமடுவில் இயங்குகிறது. ஏ-9 வீதியில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர் கனகராயன்குளம். நூலகத்தின் உள்ளே உள்ள கணினியில் மட்டும் பட்டியல் இருந்தால், நூல் உண்டா இல்லையா என்று அறிவதற்கே இவ்வூர் மாணவி பஸ் ஏற வேண்டும். இணையவழி முறைமையில் பட்டியல் ஒரு சேவையகத்தில் இருக்கும். வாசகரின் உலாவி கேள்வியை அனுப்பும், சேவையகம் தரவுத்தளத்தைத் தேடி விடையைத் திருப்பி அனுப்பும். வாசகரின் தொலைபேசியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இணைப்பு மெதுவாக உள்ள இடங்களும் உண்டு என்பதால், கனமான படங்கள் இல்லாத எளிய பக்கங்களே இத்தகைய முறைமைக்கு ஏற்றவை.

தரவுத்தள வடிவமைப்பு

இரண்டாம் படி வடிவமைப்பு. புதிதாக முறைமை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே அட்டவணையில் எல்லாவற்றையும் போட்டு விடுவர். நூலின் பெயர், ஆசிரியர், வெளியீட்டாளர், இரவல் பெற்றவர், திகதி என்று அது நீண்டுகொண்டே போகும். ஒரு நூலுக்கு ஐந்து பிரதிகள் இருந்தால் ஆசிரியரின் பெயரை ஐந்து முறை எழுத வேண்டும். ஐந்தில் ஒன்றில் எழுத்துப் பிழை வந்தால் அந்தப் பிரதி தேடலுக்கு அகப்படாது. இயல்பாக்கம் என்று பாடத்தில் படிப்பது இதைத் தவிர்ப்பதற்கே.

குறைந்தது ஐந்து அட்டவணைகள் வேண்டும். 'நூல்' அட்டவணையில் தலைப்பு, பதிப்பு, ஆண்டு, பகுப்பாக்க இலக்கம் முதலியன இருக்கும். 'பிரதி' அட்டவணையில் கையில் எடுக்கக்கூடிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி இருக்கும். வரவு இலக்கம், எந்தக் கிளை நூலகம், எந்த நிலையில் உள்ளது என்பன அதில் வரும். 'ஆசிரியர்', 'வாசகர்', 'இரவல்' என்பன ஏனைய மூன்று. 'இரவல்' அட்டவணையில் பிரதியின் இலக்கமும் வாசகரின் இலக்கமும் அந்நியச் சாவிகளாக அமையும். வழங்கிய திகதி, திருப்ப வேண்டிய திகதி, திருப்பிய திகதி என்பன அவற்றோடு சேரும். திருப்பிய திகதி வெறுமையாக இருந்தால் நூல் இன்னும் வெளியே உள்ளது என்பது பொருள். தண்டப்பணத்தைத் தனியே எழுதி வைக்கத் தேவையில்லை, திகதிகளிலிருந்து கணித்துக் கொள்ளலாம்.

ஒரு நூலுக்கு இரு ஆசிரியர்கள் இருக்கலாம், ஓர் ஆசிரியர் பல நூல்கள் எழுதியிருக்கலாம். இது பல-பல தொடர்புடைமை. ஆகவே நூலையும் ஆசிரியரையும் இணைக்க ஆறாவதாக ஒரு சிறு அட்டவணை வேண்டும்.

இங்கே மாணவிகள் அடிக்கடி விடும் தவறு ஒன்று உண்டு. சர்வதேச நியம நூல் இலக்கத்தை 'நூல்' அட்டவணையின் முதன்மைச் சாவியாக வைத்து விடுவர். 2007 முதல் 13 இலக்கங்கள் கொண்ட அந்த எண் நூலுக்கு நூல் வேறுபடுவதால் வசதியாகத்தான் தோன்றும். இலங்கை நூல்களில் அதன் நாட்டுப் பகுதியாக 955 அல்லது 624 வரும். ஆனால் அந்த எண்முறை உலகில் நடைமுறைக்கு வந்ததே 1970 அளவில்தான். 1885 இல் வெளிவந்த நாவலின் பழம் பதிப்புக்கு அந்த எண் எப்படி இருக்கும்? ஊர்ச் சங்கங்கள் வெளியிட்ட மலர்களிலும் பாடசாலைச் சஞ்சிகைகளிலும் கூட அது பெரும்பாலும் இராது. அந்த எண்ணை முதன்மைச் சாவியாக வைத்தால், நமது பழைய நூல்கள் அனைத்தும் முறைமையின் வாசலிலேயே நின்று விடும். எனவே முறைமை தானே வழங்கும் ஓர் இலக்கத்தை முதன்மைச் சாவியாக வைத்து, நியம நூல் இலக்கத்தை வெறுமையாகவும் விடக்கூடிய புலமாக அமைப்பதே சரி.

இன்னொரு சிக்கலையும் வடிவமைப்பின்போதே தீர்க்க வேண்டும். ஒரு நூலின் கடைசிப் பிரதியை இரண்டு மாணவிகள் ஒரே கணத்தில் ஒதுக்கக் கேட்டால் என்ன ஆகும்? 'பிரதி உண்டா?' என்று பார்ப்பதும் 'ஒதுக்கு' என்று எழுதுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்க வேண்டும். இன்றேல் ஒரு புத்தகம் இருவருக்கு வாக்களிக்கப்படும்.

ஒரு பெயர், பல எழுத்து

இனி நமது மாணவியின் சிக்கலுக்கு வருவோம். உலக நூலகங்களின் பட்டியல்கள் கணினிக்கு ஏறியது 1960களில். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அதற்கான பதிவு முறையை வடிவமைத்தவர் ஹென்றியெட் அவ்ரம் என்ற பெண்மணி. அவர் நூலகராகப் பயின்றவர் அல்லர், கணினி நிரலாளராக அங்கே வந்து சேர்ந்தவர். நூற்பதிவை எண்ணிட்ட புலங்களாகப் பிரித்தார். இன்று 'மார்க் 21' எனப்படும் அந்த முறையில் 100 ஆம் புலம் ஆசிரியர் பெயர், 245 ஆம் புலம் தலைப்பு, 246 ஆம் புலம் அதே நூலின் வேறு தலைப்பு. 'அசன்பேயுடைய கதை' என்றும் 'அசன்பே சரித்திரம்' என்றும் இரு பெயரால் வழங்கும் நாவலை ஒரே நூலாகக் காட்ட இந்த 246 ஆம் புலமே உதவும்.

ஆசிரியர் பெயருக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு தனிப் பதிவு வைத்து, அதில் ஒரு வடிவத்தை நியமப் பெயராகக் கொண்டு, ஏனைய வடிவங்கள் அனைத்தையும் 400 ஆம் புலத்தில் எழுதுவர். இதனை அதிகாரப் பதிவு என்பர். சித்தி லெப்பை, சித்திலெப்பை, சித்தி லெவ்வை, சித்திலெவ்வை என்று எப்படித் தேடினாலும் முறைமை ஒரே மனிதரிடம் கொண்டு போய்ச் சேர்க்கும்.

நமது பெயர்களுக்கு இது இன்றியமையாதது. நமது வகுப்பறைகளிலேயே பாருங்கள். ஃபாத்திமா, பாத்திமா, பாதிமா என்று ஒரே பெயரை மூன்று மாணவிகள் மூன்று விதமாக எழுதுவர். முஹம்மத், முஹம்மது, முகம்மது என்பதும் அப்படியே. பெரும்பாலான தமிழ், முஸ்லிம் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இராது. தந்தையின் பெயரோ ஊரின் பெயரோ முன்னே வரும், தம் பெயர் பின்னே வரும். குடும்பப் பெயரை எதிர்பார்த்துச் செய்த ஒரு மேல்நாட்டுப் படிவத்தில் இதை அப்படியே இட்டால், தந்தையே நூலை எழுதியவராகிப் போகலாம்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி இரங்கநாதனின் பெயரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவரது முன்னெழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றையது தந்தையையும் குறிக்கின்றன. கணித ஆசிரியராக இருந்து 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றுள் நான்காவதன் கருத்து. ஒரு பெயரை நான்கு விதமாகத் தட்டெழுதிப் பார்க்கும்படி வாசகியை விடும் முறைமை அந்த விதியை மீறுகிறது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

பெயர் சரியாக இருந்தும் எழுத்துக் குறியீட்டினால் தேடல் தவறுவதுண்டு. இலங்கையில் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதினோம். பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்தக் கோப்புகளை அப்படியே முறைமையில் ஏற்றினால் ஒரு நூலும் அகப்படாது. முதலில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

ஒருங்குறியிலும் கவனம் வேண்டும். 'ஔவையார்' என்ற பெயரின் முதலெழுத்து ஒரே எழுத்து. சிலர் அதனை 'ஒ' என்றும் 'ள' என்றும் இரண்டாகத் தட்டெழுதுவர். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது, கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். 'கனகராயன்குளம்' என்று சேர்த்து எழுதியதும் 'கனகராயன் குளம்' என்று பிரித்து எழுதியதும், 'தமிழ்ச் சிறுகதை' என்று ஒற்றுடன் எழுதியதும் ஒற்றின்றி எழுதியதும் அத்தகையனவே. தேடும்போது இடைவெளியையும் சொல்லிறுதி வல்லொற்றையும் பொருட்படுத்தாமல், 'ஒ' 'ள' சேர்க்கையை 'ஔ' ஆகவும் கொள்ளும் விதியைத் தேடல் பகுதியில் எழுதிச் சேர்க்க வேண்டும். இந்த விதிகளை எழுத நிரலாக்கம் தெரிந்தால் மட்டும் போதாது, தமிழிலக்கணமும் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகச் செய்வதா, இருப்பதைக் கொள்வதா?

இவ்வளவையும் அடியிலிருந்து எழுத வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. நியூசிலாந்தின் ஹொரோஃபெனுவா என்ற பிரதேசத்து நூலகங்களில் இருந்த பழைய முறைமை, 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் திகதிகளைப் பிழையாகக் கணிக்கும் என்ற நிலையில் இருந்தது. பெருநகரத்து நூலகம் அன்று, சிற்றூர்களின் நூலகங்கள். அவர்களுக்காக 1999 இல் கட்டிபோ என்ற நிறுவனம் இணையவழி முறைமை ஒன்றை எழுதியது. 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. பின்னர் அதன் நிரலை எவரும் இலவசமாகப் பெறவும் திருத்தவும் கூடியதாகத் திறந்து விட்டனர். அதற்கு இட்ட பெயர் 'கோஹா'. மாவோரி மொழியில் கொடை என்பது பொருள். பெற்றவர் ஒருநாள் திருப்பிக் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பும் அந்தச் சொல்லில் உண்டு. இன்று உலகின் பல நாடுகளிலும், இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இயங்குவது கோஹாவே.

கற்பதற்காக மாணவிகள் ஒரு சிறு முறைமையைத் தாமே எழுதிப் பார்ப்பது மிக நல்லது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் அன்றாடத் தேவைக்கு, பலர் ஆண்டுக்கணக்காகத் திருத்திய மென்பொருளைக் கொண்டு தொடங்குவதே விவேகம். இரவல் வழங்கலையும் தண்டப்பணக் கணக்கையும் நமக்காக வேறு எவரோ எழுதி வைத்து விட்டார்கள். சித்தி லெப்பையின் பெயர் எத்தனை விதமாக எழுதப்படும் என்பதை மட்டும் நியூசிலாந்தில் இருப்பவர் எழுதித் தர மாட்டார். தமிழ்ப் பெயர்களின் அதிகாரப் பதிவுகளும் தமிழ்த் தேடல் விதிகளும் நாமே செய்ய வேண்டியவை. அவற்றைச் செய்து பொதுவில் வைத்தால், அந்தக் கொடைக்கு நாம் திருப்பிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

காப்பும் இரகசியமும்

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அந்த நெருப்போடு முடிந்தன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் வைத்து வருவது அந்த இழப்பை அறிந்தவர்களின் பணி. முறைமை செய்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தரவுத்தளத்தின் காப்புப் பிரதி நாள்தோறும் எடுக்கப்பட வேண்டும். அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து முறைமையை மீட்டெடுக்க முடிகிறதா என்பதையும் இடைக்கிடை செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது இரகசியம். யார் எந்த நூலைப் படித்தார் என்பது வாசகரின் தனிப்பட்ட விடயம். உடல்நலம் பற்றியோ சட்டம் பற்றியோ ஒரு மாணவி படிக்க விரும்பினால், அதனைப் பிறர் அறிவார் என்ற கூச்சம் அவளைத் தடுக்கக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் உண்டு. நூல் திரும்பி, தண்டப்பணமும் தீர்ந்தபின் அந்த இரவல் வரியிலிருந்து வாசகரின் இலக்கத்தை நீக்கி விடலாம். நூல் எத்தனை முறை போனது என்ற கணக்குக்கு ஆளின் பெயர் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியது

முறைமையைத் திறந்து வைக்குமுன் சோதித்தல் என்ற படி உண்டு. பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதோடு அது முடிந்து விடாது. உண்மையான வாசகர் தட்டெழுதுவது போல, பிழையோடும் பிரித்தும் சேர்த்தும் நூறு பெயர்களைத் தேடிப் பார்க்க வேண்டும். அகப்படாத ஒவ்வொரு பெயரும் முறைமையின் குறையே, வாசகரின் குறை அன்று.

மாணவிகளே, இதற்குப் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பாடசாலை நூலகத்தில் ஓர் இறாக்கையை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு விரிதாளில் வரவு இலக்கம், தலைப்பு, ஆசிரியரின் நியமப் பெயர், அவர் பெயரின் வேறு வடிவங்கள், ஆண்டு என்ற ஐந்து நிரல்களை இட்டு நிரப்புங்கள். ஒருங்குறியில் மட்டும் எழுதுங்கள். நாளை எந்த மென்பொருள் வந்தாலும் அந்த விரிதாளை அதில் ஏற்றலாம். பெற்றார்களுக்கும் ஒரு வார்த்தை. தகவல் தொழினுட்பம் என்றால் இயந்திரத்தோடு மட்டும் சம்பந்தப்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தமிழை ஆழமாகப் படித்த பெண்பிள்ளைக்கும் அந்தத் துறையில் செய்வதற்கு வேலை உண்டு. அவள் இல்லாமல் அந்த வேலை நிறைவு பெறவும் மாட்டாது.

அந்த விரிதாளில் 'சித்தி லெப்பை' என்ற வரிக்கு எதிரே 'சித்திலெவ்வை' என்று ஒரு பிள்ளை இன்று எழுதி வைத்தால், கனகராயன்குளத்து மாணவி அடுத்த விடுமுறையில் தேடும்போது நூல் கிடைக்கும். அவள் தலைப்பை மாற்ற வேண்டியிராது.